66 எப்படி 86 ஆனது: பழைய கேம் இதழ்களின் ஸ்கேனில் நேர்ந்த ஒரு பிழையின் ஆய்வு

திரையில் தெரிந்த சின்னப் பேய் உருவத்தின் வாய்க்குள் இரண்டு புள்ளிகள் அதிகமாக இருந்தன. நண்பர் அந்த நிரலை 1984-ஆம் ஆண்டு இதழ் ஒன்றின் ஸ்கேனைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்து, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற 1980-களின் வீட்டுக் கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளில், அதாவது எமுலேட்டரில், ஓட்டியிருந்தார். எங்கேயோ ஓர் எண்ணை அவர் மாற்றி அடித்துவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தோம். மூன்று முறை சரிபார்த்தார். ஸ்கேனில் 86 என்று தெளிவாக இருந்தது, அவரும் 86 என்றுதான் அடித்திருந்தார். ஆனால் காகிதத்தில் அச்சாகியிருந்தது 66. அதை உறுதி செய்ய எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. காரணம், அந்தக் காகிதம் அப்போது எங்களிடம் இல்லை. ஸ்கேன் செய்து முடித்த திருப்தியில் அதை நாங்களே கழித்துவிட்டிருந்தோம்.

58 இதழ்களைப் பாதுகாக்க இரண்டு பேர் எட்டு மாதம் செய்த வேலை இது. அதில் பெரும்பகுதி நன்றாகவே முடிந்தது. நன்றாக முடிந்ததைப் பற்றிச் சுருக்கமாகவும், தவறியதைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன். இதே வேலையைத் தொடங்கப் போகிறவருக்குப் பயன்படப் போவது பின்னதுதான்.

பெட்டியில் இருந்தவை

இதழ்கள் ஒரு மூத்த சேகரிப்பாளரிடமிருந்து வந்தன. பெரும்பாலும் 1980-களின் பிரிட்டிஷ் இதழ்கள்: 1981 நவம்பரில் தொடங்கிய 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்', லட்லோ என்ற சிற்றூரிலிருந்து நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் 1984-இல் தொடங்கிய 'கிராஷ்', அதே நிறுவனம் அடுத்த ஆண்டு கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்காகக் கொண்டுவந்த 'ஜாப்!64', அப்புறம் முகப்பே இல்லாததால் பெயர் கண்டுபிடிக்க நேரம் பிடித்த சில. கிராஷின் அட்டைகளை வரைந்தவர் ஆலிவர் ஃப்ரே. அந்த ஓவியங்களை இன்று பார்த்தாலும், அந்தக் காலத்துக் கணினி ஒரு சதுரக் கட்டமாகக் காட்டிய விண்கலத்தை வாசகன் மனதில் எப்படிப் பார்த்திருப்பான் என்று புரிந்துவிடும். விளையாட்டைத் திரையில் ஓட்டிப் பார்த்தால் மட்டும் அது கிடைக்காது.

58-இல் 44 இதழ்கள் நடுவில் பின் அடித்தவை. மீதி 14 முதுகில் பசை ஒட்டியவை. காகிதமும் இரண்டு வகை. வண்ணப் பக்கங்கள் வழவழப்பானவை, உள்ளே வரும் கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் பல இதழ்களில் செய்தித்தாள் ரகம். இரண்டும் வெவ்வேறு விதமாகச் சாகின்றன. செய்தித்தாள் ரகத்தில் மரக்கூழின் லிக்னின் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுத்து, ஓரம் நொறுங்கத் தொடங்கும். வழவழப்புக் காகிதத்தின் மேல் களிமண் பூச்சு உண்டு. அது பழுக்காமல் நிற்கும், ஆனால் ஒருமுறை நனைந்து காய்ந்துவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது. நனைந்தது தெரிந்த உடனே உறைபெட்டியில் வைத்தால்தான் பிற்பாடு ஏதாவது செய்ய வழி உண்டு. எங்களிடம் வந்தவற்றில் இரண்டு இதழ்களின் நடுப்பக்கங்கள் இப்படிப் பலகைபோல் ஆகியிருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டோம்.

மொத்தத்தில் 19 இதழ்கள் மோசமான நிலையில் இருந்தன. பூஞ்சை, துருப்பிடித்த பின், கிழிந்த முகப்பு. இவற்றை அவர் எங்களுக்கே கொடுத்துவிட்டார். மற்ற 39 இதழ்களும் இரவல். அவற்றைக் கொடுக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, இதையெல்லாம் பிரிக்காம எடுக்க முடியாதா?"

"பின் அடிச்சதைப் பிரிச்சா அதே ஓட்டையில திரும்ப மாட்டிடலாம் ஐயா. பசை ஒட்டினதை ஒருதடவை பிரிச்சா பழையபடி வராது."

"அப்போ பசை ஒட்டினதை விட்டுடுங்க. சாயாத படம் வேணும்னு புத்தகத்தை உடைக்க வேண்டாம்."

இந்தப் பேச்சு பின்னால் எங்களைக் காப்பாற்றியது. அப்போது எங்களுக்கு அது ஒரு தடையாகத்தான் தோன்றியது.

முதல் 19

சொந்தமாகிவிட்ட 19 இதழ்களில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பின்களை மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்தி எடுத்தோம். பசை ஒட்டியவற்றின் முதுகை மிதமான சூட்டில் இளக்கினோம். சூட்டில் உருகும் பசை அது, சில நிமிடத்தில் தாள்கள் ஒவ்வொன்றாக வந்துவிடும். தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் ஒன்றும், கண்ணாடித் தட்டு வைத்த ஸ்கேனர் ஒன்றும் கையில் இருந்தன. இழுக்கும் ஸ்கேனர் வேகமானது. ஆனால் அதன் கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டினால் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும். நாற்பது பக்கம் போன பிறகுதான் அது கண்ணில் படும். நொறுங்கும் தாளை அதில் விடவே கூடாது. அதனால் நல்ல தாள்களுக்கு அதையும், மற்றவற்றுக்குத் தட்டையும் பயன்படுத்தினோம்.

எடுத்த அளவு 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி. இதற்குக் காரணம் அச்சுப் புள்ளிகள். இதழில் வண்ணப்படம் என்று நாம் பார்ப்பது நான்கு மைகளின் புள்ளிக்கூட்டம், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 133 முதல் 150 வரிசை. ஸ்கேனரின் கட்டமும் இந்தப் புள்ளிக்கட்டமும் மோதும்போது, பட்டுத்துணியை மடித்துப் பிடித்தால் தெரியும் அலைபோல ஒரு கோலம் விழும். மோரே என்பது அதுதான். 300-இல் நேராக எடுத்தால் அந்த அலை படத்தோடு சேர்ந்துவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. 600-இல் எடுத்தால் புள்ளிகள் புள்ளிகளாகவே பதிவாகும். அவற்றை மென்மையாகக் கலைத்து அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைக்க வேண்டும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவதை அது வெகுவாகக் குறைக்கும். இவ்வளவு எளிய விஷயம் செய்யும் மாற்றம் வேறெந்த மென்பொருளும் செய்யாதது.

சரி, 600-இல் எடுத்தால் என்ன ஆகும்? ஏ4 அளவுப் பக்கம் 4,960-க்கு 7,015 புள்ளி. வண்ணத்தில் அழுத்தாமல் வைத்தால் ஏறத்தாழ 104 எம்பி. நூறு பக்க இதழ் ஒன்று 10 ஜிபியைத் தாண்டும். 19 இதழ்களுக்குக் கிட்டத்தட்ட 200 ஜிபி. எங்களிடம் இருந்த வட்டு 500 ஜிபி, அதிலும் பாதி நிரம்பியிருந்தது. இன்னும் 39 இதழ்கள் காத்திருந்தன.

நாங்கள் எடுத்த முடிவை அப்படியே எழுதுகிறேன். வண்ணப் பக்கங்களைப் புள்ளி கலைத்து 300-க்குச் சுருக்கினோம். லிஸ்டிங் பக்கங்களில், அதாவது வாசகர் தன் கணினியில் தானே அடித்து ஓட்டுவதற்காக அச்சிட்ட நிரல் வரிகள் இருக்கும் பக்கங்களில், கறுப்பு எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவற்றைச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக்கினோம். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆகக் கட்டும்போது மென்பொருளில் 'சிறிய கோப்பு' என்ற தேர்வைப் போட்டோம். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். பளிச்சென்று இருந்தன. தேடும் வசதிக்காக, படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரியை ஓட்டினோம், அது எண்களைத் தயங்காமல் படித்தது. மூலப்படங்களை வட்டிலிருந்து அழித்தோம். பூஞ்சை மற்ற இதழ்களுக்குப் பரவிவிடும் என்ற பயத்தில் தாள்களை மறுசுழற்சிக்குப் போட்டோம்.

ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. பூஞ்சை உண்மையிலேயே பரவும். வட்டு உண்மையிலேயே நிரம்பியிருந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ததுதான் சேதம்.

பேயின் வாய்

ஸ்பெக்ட்ரத்தில் ஒரு சிறு உருவத்தை வரைய எட்டு எண்கள் போதும். ஒவ்வோர் எண்ணும் எட்டுப் புள்ளி கொண்ட ஒரு வரிசை. 60 என்றால் நடுவில் நான்கு புள்ளி எரியும். 126 என்றால் ஆறு. 66 என்றால் இரண்டு ஓரத்துக்கும் அருகே ஒவ்வொன்று, நடுவில் வெற்றிடம். நிரலை எழுதியவர் பேயின் வாயை இந்த 66-ஆல் திறந்திருந்தார். 86 என்று மாற்றினால் வெற்றிடத்துக்குள் இரண்டு புள்ளிகள் கூடுதலாக எரியும், அதுவும் இடம் வலம் பொருந்தாமல். உருவத்தின் மற்ற ஏழு வரிசைகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இரு பக்கமும் ஒத்திருந்தன. இந்த ஒன்று மட்டும் கோணியிருந்தது.

அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று முதலில் சொல்லிக்கொண்டோம். அந்தக் கால லிஸ்டிங்குகளில் அச்சுப்பிழை சகஜம். அடுத்த இதழில் திருத்தம் போடுவதும் சகஜம். அதே இதழில் வேறு மூன்று லிஸ்டிங்குகளை நண்பர் அடித்துப் பார்த்தார். இரண்டு ஓடவில்லை. அதில் ஒன்று இயந்திர மொழி எண்களை நினைவகத்தில் ஏற்றும் வகை. அப்படிப்பட்ட நிரலில் ஓர் எண் மாறினால் உருவம் கோணுவதோடு நிற்காது, மொத்தக் கணினியும் உறைந்துவிடும்.

விடை பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கிடைத்தது.  எட்டு மடங்கே போதுமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான 8 இருந்தன. அவை எல்லாமே மூன்றே வடிவங்களில் இருந்தன. மூன்றில் ஒவ்வொன்றும் புள்ளிக்குப் புள்ளி ஒரே நகல். செய்தித்தாள் ரகக் காகிதத்தில் மை ஊறும் விதத்தில் அது நடக்கவே நடக்காது. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் அச்சானால் ஒன்றின் வயிறு சற்றுக் கொழுத்திருக்கும், இன்னொன்றின் கழுத்து சற்று உடைந்திருக்கும். அப்படியானால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அச்சின் படமே இல்லை. மென்பொருள் சில எழுத்துகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, 'இதுபோல் தெரிகிறது' என்று நினைத்த இடமெல்லாம் அவற்றையே ஒட்டியிருந்தது.

ஜேபிக்2 என்ற அழுத்தும் முறை இப்படிச் செய்யக்கூடியது. கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் ஒன்றுபோல் இருக்கும் வடிவங்களை ஒரே ஒருமுறை சேமித்து, மற்ற இடங்களில் 'அதுவே இங்கும்' என்று குறித்துவைக்கும். இழப்பில்லாத விதத்தில் பயன்படுத்தினால் தொல்லை இல்லை. இழப்போடு பயன்படுத்தும்போது சிறிய எழுத்தில் மைபூசிய 6-உம் 8-உம் அதற்கு ஒன்றாகிவிடும். இது ஏற்கெனவே உலகறிந்த கோளாறு. 2013 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களை மாற்றுவதை வெளிப்படுத்தினார். ஒரு கட்டட வரைபடத்தில் வெவ்வேறு அளவுள்ள அறைகளின் பரப்பு எல்லாம் 14.13 என்று வந்திருந்ததுதான் அவருக்குக் கிடைத்த முதல் தடயம். நாங்கள் அதைப் பற்றிப் படித்திருந்தோம். நாங்கள் தேர்ந்தெடுத்த 'சிறிய கோப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் அதே முறை இருக்கிறது என்றுதான் தெரிந்திருக்கவில்லை.

மங்கலான ஸ்கேன் தன்னை நம்பாதே என்று பார்த்தவுடன் சொல்லிவிடும். இந்தப் பக்கங்கள் மங்கவில்லை, கூர்மையாக இருந்தன. எழுத்துணரியும் அந்த மாற்றிய படத்தைத்தான் படித்தது, அதனால் அதுவும் 86 என்றே சாட்சி சொன்னது. ஒரே பொய்யிலிருந்து பிறந்த இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனதை நாங்கள் சரிபார்ப்பு என்று எடுத்துக்கொண்டோம். பிரதிக்குப் பிரதி வாசகம் மாறுவதற்கு, ஏடு பார்த்து எழுதியவர்களின் காலத்திலிருந்தே நம்மிடம் பாடபேதம் என்று ஒரு சொல் உண்டு. ஆனால் பாடபேதம் என்று சொல்ல இரண்டு பிரதியாவது வேண்டும். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் மாறிப்போனது.

திரும்பக் கிடைத்தது

அதே இதழை வைத்திருக்கும் இன்னொரு ஆர்வலரைத் தேடிப் பிடிக்கத்தான் ஐந்து வாரம் போனது. அவர் தன் இதழைப் பிரிக்கவில்லை, ஸ்கேனும் செய்யவில்லை. சன்னல் வெளிச்சத்தில் நான்கு பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். பக்கம் வளைந்திருந்தது, ஓரத்தில் அவருடைய விரல் நிழல் விழுந்திருந்தது. எங்கள் சுத்தமான பிடிஎஃபைவிட அந்தப் படம் நூறு மடங்கு நம்பகமானது.

நான்கு பக்கங்களில் 11 இடங்களில் எண் மாறியிருந்தது. ஒன்பது இடங்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்திருந்தது. இரண்டில் 5 இருந்த இடத்தில் 6. பேயின் வாயை நாங்களே ஊகித்துத் திருத்தியிருக்கலாம், இடம் வலம் பார்த்தால் போதும். இயந்திர மொழி வரிகளில் அது நடக்காது. அங்கே 62 என்று இருக்க வேண்டிய இடத்தில் 82 வந்திருந்தது. ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 சில்லுக்கு 62 என்றால் 'அடுத்து வரும் எண்ணை ஏ என்ற பதிவேட்டில் ஏற்று' என்று பொருள். 82 என்றால் 'டி-யில் இருப்பதை டி-யிலேயே வை', அதாவது ஒன்றும் செய்யாதே. அப்போது அடுத்து வரும் எண்ணைச் சில்லு மதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து எல்லாம் தடம் புரளும். 82-உம் ஒரு முறையான கட்டளை என்பதால், வரியைப் பார்த்து மட்டும் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அமெரிக்காவின் 'கம்ப்யூட்!' இதழ் 1983 அக்டோபரிலிருந்து இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தது. 'ஆட்டோமேட்டிக் ப்ரூஃப்ரீடர்' என்ற சிறு நிரலை முதலில் அடித்துக்கொண்டால், அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் அது ஒரு சோதனை எண் காட்டும். இதழில் அச்சான எண்ணோடு அது ஒத்துப்போனால் வரி சரி. நாற்பது ஆண்டு கழித்து ஸ்கேன் செய்பவருக்கும் அந்த எண்கள் அப்படியே உதவுகின்றன. அந்த ஆசிரியர் குழு நினைத்தது தன் வாசகரின் விரல் தவறுவதைப் பற்றி மட்டும்தான், ஆனால் பலன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. எங்களிடம் இருந்த லிஸ்டிங்குகளில் அப்படி எதுவும் இல்லை.

ஒரு பேய்க்காக இவ்வளவா?

இந்தக் கேள்வியை எங்களிடம் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அந்த லிஸ்டிங்குகளில் பெரும்பாலானவை வாசகர்கள் எழுதி அனுப்பியவை. கடையில் விற்ற விளையாட்டுக்கு, அதைப் பதிவு செய்து விற்ற கேசட் உண்டு. அதை யாராவது ஒருவர் பாதுகாத்திருப்பார். ஒரு பள்ளி மாணவர் எழுதி, ஓர் இதழின் இரண்டு பக்கத்தில் மட்டும் வெளிவந்த விளையாட்டுக்கு அந்த இரண்டு பக்கம்தான் கேசட். காகிதம் போனால் விளையாட்டும் போய்விடும்.

விற்ற விளையாட்டுகளின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் அப்போது விற்பனையில் இல்லை. விளையாட்டு கைக்கு எட்டாதபோது அதைப் பற்றி அன்று எழுதியது மட்டுமே மிஞ்சுகிறது. விளம்பரத்தில் போட்ட விலை, 'அடுத்த மாதம் வருகிறது' என்ற ஒரு வரி, கோபமாக எழுதிய ஒரு வாசகர் கடிதம். உலகப் புகழ்பெற்ற சூப்பர் மாரியோ பிரதர்ஸ் அமெரிக்காவில் எந்த நாளில் கடைக்கு வந்தது என்பதில்கூட இன்றுவரை ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. 1983-இல் அங்கே வீடியோ கேம் சந்தை சரிந்தபோது இதழ்களும் சேர்ந்து மூடின. 1985-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் உள்ளே வந்தபோது எழுதி வைக்க ஆளே குறைவு. அந்த இடைவெளியிலும் விடாமல் வந்துகொண்டிருந்த சிலவற்றில் ஒன்று 'கம்ப்யூட்டர் என்டர்டெய்னர்' என்ற செய்திமடல். 1982 முதல் 1990 வரை வந்தது. அதன் உரிமையை அதே அமைப்பு 2025-இல் பெற்று, யாரும் பயன்படுத்திக்கொள்ளும் பொது உரிமத்தில் விட்டிருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று அவர்கள் திறந்த மின்நூலகத்தில் 1,500-க்கு மேற்பட்ட பழைய இதழ்களில் சொல் கொடுத்துத் தேடலாம்.

சொல் கொடுத்துத் தேடலாம் என்ற இடத்தில்தான் எங்கள் பிழையின் உண்மையான அளவு எனக்கு உறைத்தது. நாளைக்கு ஒருவர் ஒரு தேதியை, ஒரு விலையைத் தேடி எங்கள் கோப்புக்கு வருவார். கண்ணால் பக்கத்தை முழுக்கப் படிக்க மாட்டார். கிடைத்த எண்ணை எடுத்துக்கொண்டு போவார். 1986-ஐ நாங்கள் 1988 என்று காட்டினால், அது அவருடைய கட்டுரையில் போய் உட்காரும். பிறகு அதை மேற்கோள் காட்டுபவர்களிடம் போகும்.

உரிமை பற்றிச் சில வரிகள்

இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் நீட்டவும் விரும்பவில்லை. பழைய இதழ் என்பதால் பதிப்புரிமை போய்விடாது. அமெரிக்காவில் 1984-இல் ஒரு நிறுவனத்தின் பெயரில் முறையாக வெளியான இதழுக்கு 2079 இறுதிவரை உரிமை உண்டு. செய்தித்தாள் ரகக் காகிதம் அதுவரை தாங்குமா என்பது வேறு கேள்வி. நியூஸ்ஃபீல்ட் 1991-இலேயே திவாலானது. அந்தத் தலைப்புகள் கைமாறின. பிரிட்டனின் சட்டம் எழுதியவரின் ஆயுளைக் கணக்கில் கொள்வது. வாசகர் அனுப்பிய லிஸ்டிங்கின் உரிமையாளர் யார் என்று கேட்டால் இன்னும் சிக்கல். இணைய ஆவணக் காப்பகத்தில் இருந்த 'நின்டெண்டோ பவர்' இதழ்களின் ஸ்கேன்கள் 2016 ஆகஸ்டில் நின்டெண்டோ கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்டன. அதனால் நாங்கள் ஆரம்பத்திலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டோம்: பாதுகாப்பது ஒரு வேலை, பொதுவில் வெளியிடுவது இன்னொரு வேலை. முதலாவதை யாரும் வந்து கேட்கும்வரை தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவதை உரிமையாளர் யார் என்று தேடிய பிறகே செய்ய வேண்டும். இந்தக் கருத்தில் எங்களோடு உடன்படாத, எல்லாவற்றையும் உடனே திறந்துவிட வேண்டும் என்று நினைக்கும் ஸ்கேனர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அப்படிச் செய்ததால்தான் பல இதழ்கள் இன்று இருக்கின்றன என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

அடுத்த 39

இரவல் இதழ்களை எடுக்கும்போது வேலை முறையே மாறிவிட்டது.

ஸ்கேனரிலிருந்து வரும் படத்தைத் தொடாமல், இழப்பில்லாத அழுத்தத்தில் டிஃப் கோப்பாக அப்படியே வைக்கிறோம். சாய்வு நிமிர்த்துவது, புள்ளி கலைப்பது, நிறம் திருத்துவது எல்லாம் நகலில் மட்டும். ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் ஒரு சரிபார்ப்புக் குறியீடு எடுத்துப் பக்கத்திலேயே எழுதிவைக்கிறோம். பிற்காலத்தில் வட்டு ஒரு துணுக்கை மாற்றினாலும் அது காட்டிக்கொடுக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில். புதிய வட்டுகள் வாங்கத்தான் வேண்டியிருந்தது. லிஸ்டிங் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையாக்குவதை நிறுத்திவிட்டோம். பழுப்பேறிய காகிதத்தின் நிறத்தோடே அவை இருக்கின்றன. அழகு குறைவுதான், ஆனால் ஓர் எழுத்து உடைந்திருந்தால் உடைந்ததாகவே தெரிகிறது, படிப்பவர் சந்தேகப்படலாம்.

பசை ஒட்டிய இதழ்களை, ஐயாவுக்குக் கொடுத்த வாக்குப்படி, பிரிக்கவில்லை. இங்கே ஸ்கேனரின் வகை முக்கியமானது. மெலிந்த, மலிவான ஸ்கேனர்களில் இருக்கும் உணரி கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். முதுகுப்பக்கம் சற்றே தூக்கி நின்றால் அங்கே எழுத்து கரைந்துவிடும். சிசிடி உணரியும் ஆடியும் கொண்ட பழைய கனமான ஸ்கேனர்களுக்குச் சில மில்லிமீட்டர் ஆழம் தெரியும். எங்களுக்கு வேலை செய்தது அப்படிப்பட்ட பழைய ஒன்றுதான். முதுகோரம் சற்று நிழலாகத்தான் வந்தது, ஆனால் படிக்க முடிந்தது. சாயாத படம் வேண்டும் என்று புத்தகத்தை உடைக்க வேண்டாம் என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நிழல் விழுந்த படத்தை நாளைக்கு நல்ல கருவியால் மறுபடி எடுக்கலாம், ஏனென்றால் புத்தகம் அங்கேயே இருக்கும்.

முன்பு நாங்கள் விட்டுவிட்டவற்றையும் எடுக்கத் தொடங்கினோம். சந்தா அட்டை, வெட்டி அனுப்பும் ஆர்டர் கூப்பன், உள்ளே செருகி வந்த சுவரொட்டி, வாசகர் பென்சிலில் எழுதிவைத்த அதிகபட்ச மதிப்பெண். ஓர் இதழில் யாரோ லிஸ்டிங்கின் ஓரத்தில் வரிக்கு வரி டிக் அடித்திருந்தார். ஒரு வரியில் 5-ஐ அடித்து 6 ஆக்கியிருந்தார். அச்சுப்பிழையை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துத் திருத்திய ஒருவர். முந்தைய முறைப்படி செய்திருந்தால் அந்தப் பென்சில் கோட்டை அழுக்கு என்று மென்பொருளில் துடைத்திருப்போம்.

இறுதிச் சரிபார்ப்பை ஸ்கேன் செய்தவர் செய்வதில்லை. மற்றவர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோப்போடு ஒப்பிடுகிறார். லிஸ்டிங் இருந்தால் குறைந்தது ஒன்றையாவது அடித்து ஓட்டிப் பார்க்கிறார். அது முடியும்வரை ஒரு தாள்கூட வீட்டைவிட்டு வெளியே போகாது. பூஞ்சை பிடித்த தாள்களைத் தனி உறையில் உலர்ந்த இடத்தில் ஒதுக்கிவைத்தாலே மற்றவற்றுக்குப் பரவாது என்று இப்போது தெரியும்.

இன்றைய நிலை

முதல் 19 இதழ்களில் மொத்தம் 31 லிஸ்டிங்குகள் இருந்தன. மற்ற ஆர்வலர்களிடம் இருக்கும் பிரதிகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டோம். 29 சரியாகிவிட்டன, அவற்றில் நண்பர் அடித்து ஓட்டியவை எல்லாம் ஓடுகின்றன. அந்தப் பேயும் இப்போது வாயை ஒழுங்காகத் திறக்கிறது. மீதி இரண்டும் முகப்பு இல்லாமல் வந்த ஓர் இதழின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை. எந்த மாத இதழ் என்பதை உள்ளே இருக்கும் விளம்பரங்களை வைத்து 1983-இன் இரண்டாம் பாதி என்பதுவரை குறுக்கிவிட்டோம். அதற்கு மேல் போகவில்லை. அந்த இரண்டு பக்கங்களின் கோப்பைத் திறந்தால் முதல் வரியாக இது வரும்: 'இந்தப் பக்கத்தில் உள்ள 6, 8 ஆகிய எண்கள் எதையும் நம்ப வேண்டாம். காகிதப் பிரதி வைத்திருப்பவர் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், கைப்பேசிப் படமே போதும்.'